மூணரை வட்டிக்கு ஒரு லவுஞ்ச் காபி

மே மாசம் நெருங்கினால் போதும், இங்கே டல்லாஸில் எந்தத் தமிழ் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு லீவு, ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு, அடுத்த கேள்வி: "ஊர்ல செலவுக்கு எந்தக் கார்டு பெஸ்ட்?" உடனே ஒருத்தர் பர்ஸிலிருந்து தகடு மாதிரி ஒரு கார்டை எடுத்து மேஜையில் 'டங்'கென்று போடுவார். இன்னொருத்தர் அதற்கு எத்தனை பாயிண்ட், எத்தனை லவுஞ்ச் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். மூணாவது ஆள் "நான் அப்பா அம்மாவுக்கும் ஒரு ஆட்-ஆன் கார்டு வாங்கிக் குடுத்துட்டேன், இனி கவலையே இல்ல" என்பார். அரைமணி நேரம் இது ஓடும். ஒருத்தர் வாயிலிருந்தும் 'வட்டி' என்ற வார்த்தை வராது.

எனக்கு இந்தப் பேச்சு சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாக இருக்கும், நீளமாகவும் இருக்கும். கார்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எந்தக் கார்டு நல்ல கார்டு என்று நாம் கேட்கிற விதமே தப்பு, அந்தத் தப்புக்கு ஊரில் இருக்கிற பெற்றவர்கள் விலை கொடுக்கிறார்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

நான் சித்தூர்க்காரன். 1911ல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்துச் செய்த மாவட்டம். 1960ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, எங்க ஊர் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. உடம்புக்கு முடியலைன்னா வேலூர், மனசுக்கு முடியலைன்னா திருப்பதி. (திருப்பதி 2022 ஏப்ரலில் இருந்து தனி மாவட்டம். எங்களுக்கு அது இன்னமும் "நம்ம ஜில்லா"தான்.)

இந்த ஜில்லாக்காரனுக்கு வட்டியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஏன் என்கிறீர்களா? எங்க சாமியே கடன்காரர். பத்மாவதித் தாயாரைக் கல்யாணம் பண்ணக் குபேரனிடம் கடன் வாங்கினார், கலியுகம் முடிகிற வரைக்கும் வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறார், நாம் உண்டியலில் போடுகிறதெல்லாம் அந்தக் கணக்குக்குத்தான் என்று சின்ன வயசிலேயே சொல்லித்தான் வளர்த்தார்கள். தெலுங்கில் அவருக்கு 'வட்டி காசுலவாடு' என்றே ஒரு பெயர். கீழ்த்திருப்பதி கோவிந்தராஜ சுவாமி தலைக்கு அடியில் மரக்காலை வைத்துப் படுத்திருப்பதற்கும் ஒரு கதை உண்டு. குபேரனுக்குக் காசை அளந்து அளந்து அலுத்துப்போய்ப் படுத்துவிட்டாராம்!

யோசித்துப் பாருங்கள். அசல் அப்படியே நிற்கிறது, வட்டி மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு இந்தக் காலத்துப் பெயர் 'மினிமம் டியூ'. பெருமாள் கட்டலாம். அவருக்கு உண்டியல் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து கொட்ட நாம் இருக்கிறோம். ஐடி கம்பெனியில் எப்போது லே-ஆஃப் வரும் என்று தெரியாத நமக்கு என்ன இருக்கிறது? 

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்க ஊரில் வட்டியை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நூறு ரூபாய்க்கு மாசம் எத்தனை ரூபாய் என்பதுதான் கணக்கு. ஒரு வட்டி என்றால் சொந்தக்காரன். ரெண்டு வட்டி என்றால் தெரிந்தவன். மூணு வட்டி என்றால் "ஐயையோ, அங்க ஏம்ப்பா போன?" என்று கேட்பார்கள். இப்போது இந்தியாவில் கொடுக்கிற பெரும்பாலான கிரெடிட் கார்டுகளின் கட்டண அட்டவணையை எடுத்துப் பாருங்கள். பாக்கி வைத்தால் மாதம் 3.5 சதவீதம், சிலதில் 3.75. ஊர் பாஷையில் மூணரை வட்டி, மூணே முக்கால் வட்டி. ஆண்டுக்கு 42லிருந்து 45 சதவீதம். அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. ஆக மூணரை என்பது கைக்கு வரும்போது 4.13.

அதாவது எந்த வட்டிக்காரன் வீட்டுத் திண்ணையில் உட்காரவே நம்ம தாத்தா கூச்சப்பட்டாரோ, அவனைவிட அதிக வட்டி வாங்குகிற ஒன்றை நாம் மேஜையில் 'டங்'கென்று போட்டுப் பெருமைப்படுகிறோம்.

கொஞ்சம் வரலாறும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆந்திராவுக்கு இந்த அட்டை புதுசு இல்லை. பட்டாபி சீதாராமய்யா மசூலிப்பட்டினத்தில் 1923ல் ஆரம்பித்த ஆந்திரா வங்கி, 1981லேயே கிரெடிட் கார்டு கொடுத்த வங்கி. இந்தியாவில் அதை முதலில் செய்தவர்களில் ஒன்று. (அந்த வங்கி 2020 ஏப்ரலில் யூனியன் வங்கியோடு சேர்ந்துவிட்டது.)

அதே ஆந்திராவில் 2010ல் என்ன நடந்தது என்பது நினைவிருக்கிறதா? மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் டுவாக்ரா குழுப் பெண்களுக்கு முப்பதை ஒட்டியும் அதற்கு மேலும் வட்டிக்குக் கடன் கொடுத்து, வாரத் தவணைக்கு வாசலில் வந்து உட்கார்ந்து, தற்கொலைச் செய்திகள் வர ஆரம்பித்து, கடைசியில் அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டமே போட்டது. அடுத்த வருஷம் ரிசர்வ் வங்கி மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு 26 சதவீதம்தான் உச்சம் என்று வரம்பு வைத்தது. (பிறகு அந்த வரம்பை மாற்றி, 2022ல் எடுத்தே விட்டார்கள். அது வேறு ஒரு பதிவுக்கான கோபம்.) குப்பத்தில் மாடு வாங்கக் கடன் எடுத்த பெண்ணுக்கு 26க்கு மேல் வாங்கினால் அநியாயம் என்று நாடே ஒத்துக்கொண்டது. நல்லது. அதே 2011ல் கார்டுக்கு என்ன வரம்பு? ஒன்றும் கிடையாது. இன்றைக்கும் கிடையாது.

கேட்கவே இல்லையா என்றால், கேட்டார்கள். 'ஆவாஸ்' என்கிற அமைப்பு வழக்குப் போட்டது. 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தீர்ப்புச் சொன்னது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. 2009ல் தடை வந்தது. அந்தத் தடை பதினைந்து வருஷம் ஓடியது. 2024 டிசம்பர் 20ம் தேதி உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் தீர்ப்பையே ரத்து செய்தது: வட்டியை நிர்ணயிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, அது ரிசர்வ் வங்கி பார்க்க வேண்டிய விஷயம், வாடிக்கையாளர் தெரிந்துதானே கையெழுத்துப் போட்டார். சட்டப்படி சரியாகவே இருக்கலாம், நான் வக்கீல் இல்லை. ஆனால் 'தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்' என்கிற இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. மேஜையில் கார்டு போட்ட நம்ம நண்பருக்கே வட்டி எவ்வளவு என்று தெரியாது. திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்து கார்டு விற்கிற பையன், "சார், லைஃப் டைம் ஃப்ரீ சார்" என்கிறானே தவிர, "மூணரை வட்டி சார்" என்றா சொல்கிறான்?

தமிழ்நாட்டில் 2003ல் கந்துவட்டிக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. ஆனால் வங்கி வாங்குகிற வட்டி அதிகம் என்பதற்காகக் கோர்ட் அதைத் தோண்டக்கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. திண்ணையில் வாங்கினால் கந்து, ஏசி ரூமில் வாங்கினால் ஃபைனான்ஸ் சார்ஜ்!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கால்குலேட்டரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

கார்டில் ஐம்பதாயிரம் ரூபாய் பாக்கி நிற்கிறது. புதுசாக ஒன்றும் வாங்கவில்லை. மாதம் 3.5 சதவீதம் வட்டி 1,750. அதன் மேல் ஜிஎஸ்டி 315. மொத்தம் 2,065. பில் 52,065. மினிமம் டியூ ஐந்து சதவீதம் என்று வைத்தால் 2,603. அதை மறக்காமல், நாள் தவறாமல் கட்டுகிறீர்கள். கடன் எவ்வளவு குறைந்தது? 538 ரூபாய்.

இப்படியே ஒழுங்காக மினிமம் மட்டும் கட்டிக்கொண்டே போனால் ஐம்பதாயிரம் இருபத்தைந்தாயிரம் ஆக எத்தனை மாதம்? 64. ஐந்து வருஷம் நாலு மாதம். அதுவரைக்கும் கட்டியது சுமார் ஒரு லட்சத்து இருபத்தோராயிரம். இன்னமும் பாதிக் கடன் நிற்கிறது. ஒரு தடவைகூட லேட் ஃபீஸ் கட்டாத, ஒரு தவணைகூடத் தவறாத 'நல்ல' வாடிக்கையாளரின் கதை இது. இதே கடனுக்கு மாதம் ஐயாயிரம் என்று பிடிவாதமாகக் கட்டினால் பதினாலாவது மாதம் முடிந்துவிடும், மொத்தம் 66 ஆயிரத்துக்குள். வித்தியாசத்தைப் பார்த்தீர்களா? 'மினிமம்' என்ற அந்த ஒரு எண்ணை எதற்குக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்று. பாயிண்ட், பாயிண்ட் என்கிறார்களே, சாதாரணக் கார்டில் அது செலவில் ஒரு சதவீதம் தேறினால் பெரிய விஷயம். ஐம்பதாயிரம் செலவழித்தால் ஐநூறு ரூபாய். ஒரே ஒரு மாசம் பாக்கி வைத்தால் போவது 2,065. நாலு மாசப் பாயிண்டை ஒரு மாச வட்டி தின்றுவிடும். இது தவிர, கொஞ்சம் பாக்கி வைத்துவிட்டால் புதுசாக வாங்குகிற பொருளுக்கும் அந்த நாற்பத்தைந்து, ஐம்பது நாள் வட்டியில்லாத் தவணை கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே மீட்டர் ஓடும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுக் காசு எடுத்தால் கேட்கவே வேண்டாம், முதல் நாளிலிருந்தே வட்டி, மேலே கட்டணம் வேறு. வீட்டில் ஒரு சங்கிலி இருந்தால் அதை வங்கியில் வைத்து வாங்குகிற நகைக்கடனுக்கு இதில் மூன்றில் ஒரு பங்குகூட வட்டி வராது. ஆனால் நகையை அடகு வைப்பது கௌரவக் குறைச்சல், கார்டில் பாக்கி வைப்பது ஸ்டைல். என்னத்த சொல்ல!

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்பீர்கள். இங்கேயும் 20 சதவீதத்துக்கு மேல்தான் வாங்குகிறார்கள், யோக்கியர்கள் ஒன்றும் இல்லை. ஆனால் 2009ல் ஒபாமா கையெழுத்துப் போட்ட கார்டு சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. உங்கள் ஸ்டேட்மெண்டை எடுத்துப் பாருங்கள். ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: மினிமம் மட்டும் கட்டினால் உங்கள் பாக்கி தீர இத்தனை வருஷம், மொத்தம் இவ்வளவு டாலர், மூணு வருஷத்தில் முடிக்க மாதம் இவ்வளவு கட்டுங்கள். பொதுவான அறிவுரை இல்லை, உங்கள் பாக்கிக்கு உங்கள் கணக்கு. இந்தியாவிலும் ரிசர்வ் வங்கி எச்சரிக்கை வாசகம் போடச் சொல்லியிருக்கிறது. "மினிமம் மட்டும் கட்டினால் கடன் வருஷக்கணக்கில் நீளும்" என்கிற மாதிரி ஒரு வரி. சிகரெட் பாக்கெட்டு மாதிரி. யார் படிக்கிறார்கள்? 64 மாதம், ஒரு லட்சத்து இருபத்தோராயிரம் என்று அவரவர் பில்லில் அவரவர் எண்ணைப் போடட்டும். கம்ப்யூட்டர்தானே போடப்போகிறது, என்ன கஷ்டம்? வட்டிக்கு வரம்பு வை என்று கேட்டால் சந்தை என்பார்கள், போட்டி என்பார்கள். எண்ணை அச்சடிக்க என்ன தடை? இதைக் கேட்கிற உரிமை வாடிக்கையாளர் எல்லோருக்கும் இருக்கிறது.

நிற்க. "அதெல்லாம் சரிப்பா, நான் மாசாமாசம் முழுசா கட்டிடறேன், எனக்கு எந்தக் கார்டு?" என்று கேட்கிறவர்களுக்கு இனிமேல்.

முதலில், உங்கள் செலவு எங்கே நடக்கிறது என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். நம்மில் பலர் செய்வது தலைகீழ். கார்டை வாங்கிவிட்டு அதற்கு ஏற்ற செலவைத் தேடுகிறோம். சித்தூரில் ஒரு வீட்டுச் செலவு என்ன? அரிசி, மளிகை, பால், காய்கறி, கரெண்ட் பில், காஸ், மருந்து, மாசம் ஒரு தடவை வேலூர் போய்வருகிற வண்டி. இதில் பாதிக்கு மேல் கார்டு தேய்க்கிற மிஷினே இல்லாத இடம். இருப்பது கியூஆர் அட்டை. அலிபிரியில் கற்பூரம் விற்கிற அம்மா முன்னாலும் அதுதான் இருக்கிறது. அந்த அட்டையில் உங்கள் தகட்டுக் கார்டு வேலை செய்யாது. யுபிஐயில் இணைக்க முடிவது ரூபே கிரெடிட் கார்டு மட்டும்தான், அதுவும் 2022லிருந்து. அதுவும் வியாபாரிக்கான கியூஆராக இருக்க வேண்டும். கடைக்காரர் தன் சொந்தக் கணக்கின் கியூஆரை ஒட்டி வைத்திருந்தால் கிரெடிட் கார்டு போகாது. ஆகவே ஊரில் இருக்கிற தம்பியோ தங்கையோ கேட்டால் ஒரே பதில்: வருஷக் கட்டணம் இல்லாத ஒரு ரூபே கார்டு போதும். லவுஞ்சை வைத்துக்கொண்டு மளிகைக் கடையில் என்ன செய்வது?

ரெண்டாவது, ஊருக்குப் போகிற நாம். வெளிநாட்டுக் கார்டு எடுத்துப் போனால், அந்நியச் செலாவணிக் கட்டணம் இல்லாத கார்டா என்று பாருங்கள். பல கார்டில் மூணு சதவீதம் பிடிப்பார்கள். திருப்பதி ஹோட்டலிலோ நகைக்கடையிலோ தேய்க்கும்போது மிஷின் "டாலரிலா, ரூபாயிலா?" என்று மரியாதையாகக் கேட்கும். டாலர் என்று தெரிந்த எண் வருவதால் நாம் மகிழ்ந்து அதை அமுக்குவோம். அமுக்காதீர்கள்! அதில் அவர்கள் வைக்கிற மாற்று விகிதம் வேறு, நமக்கு நஷ்டம்தான். எப்போதும் ரூபாய். அதே மாதிரி அப்பா அம்மா இங்கே வரும்போது இந்தியக் கார்டைத் தேய்த்தால் வழக்கமாக 3.5 சதவீதம் மார்க்-அப், அதன் மேல் ஜிஎஸ்டி. மறுபடியும் அதே 4.13!

மூணாவது, கார்டே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு இருந்தால், வெளிநாட்டு மொபைல் எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று 2023 ஜனவரியில் அனுமதி வந்தது. முதல் பட்டியலிலேயே அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, பிரிட்டன், எமிரேட்ஸ், சவுதி, கத்தார், ஓமன், ஹாங்காங் என்று பத்து நாடு. உங்கள் வங்கி அதைச் செய்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் மூணு வாரம் இருக்க இது போதும்.

நாலாவது, ஊரை விட்டு வரும்போது வாங்கி வைத்த பழைய கார்டு. அலமாரியில் தூங்குகிறது என்று நினைப்போம். அது தூங்காது. வருஷக் கட்டணம் ஏறும், பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக மாற்றும்போது ஆட்டோ டெபிட் அறுந்துபோகும், சிபில் மதிப்பெண் இறங்கும். வேண்டாம் என்றால் மூடுங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாளில் மூடவில்லை என்றால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று 2022ல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. கேட்காமல் கார்டு அனுப்பிக் கட்டணமும் போட்டால், அந்தத் தொகையைத் திருப்பித் தருவதோடு அதைப்போல ரெண்டு மடங்கு அபராதமும் உண்டு. இதையெல்லாம் சொல்லி ஒரு மெயில் போட்டுப் பாருங்கள், போனில் கிடைக்காத மரியாதை உடனே கிடைக்கும்.

இப்போது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற இடம். ஆட்-ஆன் கார்டு.

"அப்பா அம்மாவுக்கு ஆட்-ஆன் குடுத்துட்டேன், கவலை இல்ல." யாருக்குக் கவலை இல்லை? எங்க பெரியப்பா வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாழ்க்கையில் ஒருத்தரிடம் கைநீட்டிக் கடன் வாங்காதவர். அண்ணன் இங்கிருந்து ஒரு கார்டை அவர் கையில் திணித்தார். முதல் மாசம் பெருமையாக எல்லோரிடமும் காட்டினார். பிறகு ஒன்று புரிந்தது. அவர் என்ன வாங்கினாலும் அண்ணன் போனில் மெசேஜ் வருகிறது. "என்னப்பா, அந்தக் கடையில எண்ணூறு ரூபாய்க்கு என்ன வாங்கினீங்க?" என்று அண்ணன் சும்மாதான் கேட்டார், பாசத்தில்தான் கேட்டார். அத்தோடு பெரியப்பா அந்தக் கார்டை எடுப்பதை நிறுத்திவிட்டார். பேத்தி பிறந்தநாளுக்குப் பாவாடை வாங்கினதுகூடப் பென்ஷன் காசில்தான்.

ஒரே ஒரு தடவை அவசரத்துக்கு எடுத்தார். திருப்பதியில் ஒரு ஸ்கேனுக்கு ஆன்லைனில் பணம் கட்டச் சொன்னார்கள். மத்தியானம் ஒரு மணி. ஓடிபி எங்கே போனது? டல்லாஸுக்கு. இங்கே ராத்திரி ரெண்டரை. அண்ணன் போனை சைலண்டில் போட்டுத் தூங்குகிறார். எழுபத்தைந்து வயசு மனுஷர் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டரில் நிற்கிறார். கடைசியில் கூட வந்த ஆட்டோக்காரர்தான் தன் போனில் ஸ்கேன் பண்ணிக் கட்டினார். பெரியப்பா வாங்கின முதல் கடன் அது. அதைத் திருப்பிக் கொடுக்கிறவரைக்கும் அவருக்குத் தூக்கம் வரவில்லை என்று பெரியம்மா சொன்னார்.

மக்களே, பெற்றவர்களுக்குக் கடன் கொடுக்காதீர்கள், காசு கொடுங்கள். ரெண்டும் ஒன்று இல்லை. கார்டு என்பது நம்ம பெயரில் இருக்கிற கடன், அதை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று பார்க்கிற ஜன்னலும் கூட. அவர்கள் கணக்கிலேயே மாசம் ஒரு தொகை போகட்டும். அவர்கள் போன், அவர்கள் யுபிஐ, அவர்கள் டெபிட் கார்டு, அவர்களுக்கே ஓடிபி. ஆஸ்பத்திரி அவசரத்துக்கு என்று தனியாக ரெண்டு லட்சமோ மூணு லட்சமோ, நம் சக்திக்கு ஏற்ப, அவர்கள் பெயரில் எடுக்கச் சௌகரியமாக ஒரு டெபாசிட். கார்டு இருந்தே ஆக வேண்டும் என்றால் அந்த டெபாசிட்டை ஈடாக வைத்து அவர்கள் பெயரிலேயே ஒரு கார்டு வாங்கலாம். பெரியப்பா என்ன வாங்குகிறார் என்று அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். அண்ணன் என்ன வாங்குகிறார் என்று பெரியப்பா கேட்டாரா?

"பாயிண்ட்லதான்யா போன வருஷம் ஃப்ளைட் டிக்கெட் எடுத்தேன், உனக்கு வயித்தெரிச்சல்" என்று ஒருத்தர் சொல்வார். இருக்கலாம் ஐயா, வாழ்த்துகள். ஒழுங்காக முழுப் பணமும் கட்டுகிறவருக்குக் கார்டு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த டிக்கெட் ஆகாசத்திலிருந்து விழவில்லை. ஒரு பங்கு, கார்டு தேய்த்தால் கமிஷன் கொடுக்கிற கடைக்காரர் கொடுத்தது. (அதனால்தான் பல நகைக்கடையில் "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா சார்" என்கிறார்கள்.) இன்னொரு பங்கு, 64 மாதம் மினிமம் கட்டுகிற யாரோ ஒரு தம்பி கொடுத்தது. அவன் புத்தூரில் இருக்கலாம், நகரியில் இருக்கலாம், உங்கள் சொந்தத் தங்கை மகனாகவும் இருக்கலாம். நீங்கள் மேஜையில் போட்ட 'டங்' சத்தத்தைக் கேட்டுத்தான் அவனும் வாங்கினான். நாம் ஊருக்குப் போகும்போது சாக்லேட் மட்டும் கொண்டுபோவதில்லை, ஆசையையும் கொண்டுபோகிறோம். பாயிண்ட் கதை சொல்கிறவர், மூணரை வட்டிக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

ஆகவே அடுத்த தடவை யாராவது "எந்தக் கார்டு பெஸ்ட்?" என்று கேட்டால் நான்கு கேள்வி திருப்பிக் கேளுங்கள். மாசம் மொத்தமும் கட்ட முடியுமா? செலவு எந்த ஊரில், எந்தக் கடையில்? வருஷக் கட்டணமும் ஜிஎஸ்டியும் போக மிச்சம் என்ன? பாக்கி நின்றால் எத்தனை வட்டி? முதல் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் மற்ற மூன்றையும் கேட்கவே வேண்டாம். அவருக்கு உலகத்தில் எந்தக் கார்டும் நல்ல கார்டு இல்லை.

எங்க பக்கத்து மளிகைக் கடைகளில் தெலுங்கில் ஒரு பலகை தொங்கும்: 'நேடு நகது, ரேப்பு அருவு'. இன்னைக்கு ரொக்கம், நாளைக்குக் கடன். நாளைக்குப் போனாலும் அதே பலகைதான் இருக்கும். ரிசர்வ் வங்கி விதி எல்லாவற்றையும் விட அந்தப் பலகை எழுதினவர் நம்மை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

டிஸ்கி: நான் நிதி ஆலோசகன் இல்லை. வட்டியும் கட்டணமும் கார்டுக்குக் கார்டு மாறும், உங்கள் கார்டின் கட்டண அட்டவணையை நீங்களே படியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள், எழுத்து ரொம்பப் பொடிசு :-)